கடைசிக் கோழிக்கு வைத்தியம்

சாமி எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து தெருவில் கோழிகள் பலியாகித் தீர்ந்துகொண்டே வந்தன. மிச்சமிருந்த ஒன்றை நாய் குதறிவிட்டது. சாமிக்குக் கொடை விழா நடத்துகிற சுடலைக்கண் அண்ணன் அதைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

குறையுள்ள கோழியைச் சாமி ஏற்காது. அதனால் குணப்படுத்தும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நான் தனிக்கட்டை. மறுத்துப் பேச வீட்டில் ஆள் இல்லை.

இறக்கை தொங்கியது. முதுகில் தோல் இல்லை. உப்புத் தண்ணீரில் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டேன். இறக்கையை உடம்போடு சேர்த்துத் துணியால் கட்டினேன். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்து, மேலே குண்டு பல்பை எரியவிட்டேன். அலகோரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். அது விழுங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோழி தேறத் தேற வீடு சுருங்கியது. முதலில் அடுக்களை காணாமல் போனது. பிறகு ஜன்னல். அடுப்பை அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பசித்தால் சாமி வேல்கம்பால் கூரையில் இடிக்கும். அதன் கூரை என் தரை. இடிக்கும்போதெல்லாம் கோழி என் மடிக்கு வந்துவிடும்.

அண்ணன் தினமும் வந்தார்.

"ஆறிட்டாடே?"

"இன்னும் இல்லண்ணே."

"நல்லா கவனிச்சுக்கோ. தெரு பூரா ஒன்ன நம்பித்தான் இருக்கு."

"ஆறாமலே போயிட்டா?"

"சாமி பட்டினி கெடக்காதுல்லா."

உண்மையில் ஆறிவிட்டது. நான்தான் வாய் திறக்கவில்லை. குணமான இறக்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கோழிக்கும் விஷயம் தெரியும். அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டால் சாய்ந்து படுத்து முனகும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு காலையில் அது முட்டையிட்டது. இட்ட கையோடு கொக்கரித்தது. என்ன கெஞ்சியும் அடங்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டது.

எல்லோரும் மேலே வந்து, மிச்சமிருந்த அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். அண்ணன் கட்டை அவிழ்த்தார். கோழி திமிறி என் முழங்கையைக் கீறியது.

"உத்தரவு கேப்போம்," என்றார் அண்ணன்.

மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பை உதறினால் சம்மதம் என்று பொருள். உதறாவிட்டால் யாரும் கத்தியைத் தொடக்கூடாது.

அண்ணன் செம்பிலிருந்து தெளித்தார். கோழி அசையவில்லை. மறுபடி தெளித்தார். கல்லாக நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வீச்சில் தண்ணீர் என் பிடரியில் விழுந்தது. கிணற்றுத் தண்ணீர். உடம்பு தானாக உதறியது.

பெண்கள் குலவை போட்டார்கள்.

"குளிருச்சுண்ணே, அதான்."

"உத்தரவு உத்தரவுதான்டே."

அண்ணனின் கண் என் முழங்கைக்குப் போனது. முகம் சுருங்கியது.

"குறையோட குடுக்க முடியாது. ஆறட்டும்," என்றார்.

யாரோ மஞ்சள் அரைத்து வந்தார்கள். அண்ணன் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பற்றுப் போட்டார். அவ்வளவு மெதுவாக என்னை யாரும் தொட்டதில்லை.

கீறல் ஒன்றும் ஆழமில்லை.