சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்

...சொந்த விருப்பத்தில்தான் விலகுகிறேன் என்று எழுதியிருக்கிறது, எதிரே ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் அடிக்க எவ்வளவு நேரமாகும், ஆனால் அன்னிகா பத்து நிமிடமாக விளையாட்டுத் துறை அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள், வெளியே பனியைத் தள்ளும் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கிறது... மூன்று வருடம் இந்தக் கல்லூரிக்காக வாலிபால் அணியில் இருந்ததற்குத்தான் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம், முழங்காலில் இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆடவில்லை, அடிபட்டாலும் உதவித்தொகை நிற்காது என்று சத்தியம் செய்தவர் அவளைச் சேர்த்த பழைய கோச், பெரிய கல்லூரி கூப்பிட்டதும் ஒரே வாரத்தில் போய்விட்டார், அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்?

புது கோச் ரெட்டிங் கெட்டவள் என்று சொல்ல முடியவில்லை, திங்கட்கிழமை கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் சொன்னாள், உதவித்தொகையோடு ஒரே ஒரு இடம்தான், அன்னிகா வேறு கல்லூரிக்குப் போவதாக மாற்றப் பட்டியலில் பேர் கொடுத்தால் அது தங்கை ஃப்ரீடாவுக்கு, இல்லையென்றால் ஃப்ரீடாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ரீடாவுக்குப் பதினேழு வயது, பழைய கோச் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தை நம்பி இரண்டு கல்லூரிகளை வேண்டாம் என்றவள்... வாய்வார்த்தை யாரையும் கட்டாது என்று வீட்டில் யாருக்குத் தெரியும், அம்மா கேக் வெட்டி, கல்லூரித் தொப்பி போட்டுப் படமெடுத்து ஊருக்கே அனுப்பிவிட்டாள். படிப்பு முடிய எனக்கு இன்னும் ஒரு வருடம், இந்த முழங்காலை எந்தக் கல்லூரி எடுத்துக்கொள்ளும், யாரும் எடுக்காவிட்டால்... ஆனால் ஃப்ரீடாவின் முகம், அதை எப்படிப் பார்ப்பது?

அலுவலர் டோப்ரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லா யோசிச்சியாம்மா? பேர் ஏறிடுச்சுன்னா இந்த செமஸ்டரோட உதவித்தொகையை நிறுத்த அவங்களுக்கு உரிமை இருக்கு. திரும்பி வரணும்னா கோச் மனசு வைக்கணும். யாரும் வற்புறுத்தலையே?”

வற்புறுத்தலா, தண்ணீர் அல்லவா கொடுத்தாள், குரலைக்கூட உயர்த்தவில்லையே... இல்லை சார் என்றாள், டிக் அடித்தாள், அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை, திரையில் நன்றி என்று வந்தது.

தாழ்வாரத்தில் வந்து நின்று தங்கையைப் போனில் அழைத்தாள், பள்ளியில் சாப்பாட்டு நேரமாக இருக்கும், எப்படிச் சொல்வது, மெதுவாகவா, ஒரேயடியாகவா, கத்தப் போகிறாள், அழக்கூடச் செய்வாள்...

“ஃப்ரீடா, அந்த இடம் உனக்குத்தான்டி.”

“தெரியும்க்கா. ஞாயித்துக்கிழமை காலைலயே கோச் சொல்லிட்டாங்க. நீ ஒத்துக்கிட்டதா சொன்னாங்க.”

ஞாயிறு... என்னிடம் கேட்டதே திங்கட்கிழமைதானே. கோச் முந்திக்கொண்டாள், சரி, அது அவள் தொழில், ஆனால் ஞாயிறு மாலை ஃப்ரீடா அழைத்தாளே, அரைமணி நேரம் பேசினாளே, பனி, நாய், அம்மாவின் புதுக் கண்ணாடி என்று எல்லாம் பேசிவிட்டு, திரும்ப எப்போ ஆடுவேக்கா என்று கேட்டாளே, அடுத்த சீசன் கண்டிப்பா இங்கதான் ஆடுவேன் என்று நான் சொன்னேனே, அப்போது எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, சிக்னல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்...