கயிறு யார் கையில

மெஷின் வாங்க அண்ணியும் கூட வர்றாங்கன்னு அண்ணன் சொன்னதுமே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சுது. மரம் வெட்டுற தொழில் எங்க ரெண்டு பேரோடது. நான் மேல ஏறி வெட்டுவேன், அண்ணன் கீழ நின்னு கயிறு புடிப்பான். வெட்டுற கிளையைக் கயித்துல கட்டி, யார் வீட்டு ஓடும் உடையாம இறக்கணும். அண்ணன் மாதிரி கயிறு புடிக்க ஆளே கிடையாதுன்னு நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சவ.

அவனுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம். முதல்ல அண்ணி சாப்பாட்டு டப்பாவோட வந்தாங்க. அப்புறம் கிளை பொறுக்கினாங்க. அப்புறம் சொந்தமா கையுறையே வாங்கிட்டாங்க. அண்ணன் எனக்கு வச்ச பேரு குருவி. இப்ப அண்ணியும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. இப்படியே விட்டா, அண்ணன் பக்கத்துல எனக்குன்னு இருந்த இடம் கொஞ்சங்கொஞ்சமா அவங்களோடது ஆயிடும். நான் என்ன, பார்த்துட்டுச் சும்மா இருக்கணுமா?

கடைக்குப் பின்னாடி மூணு சிப்பர் நிறுத்தி வச்சிருந்தாங்க. கிளையை வாயில குடுத்தா சில்லு சில்லா அரைச்சுத் துப்புற மெஷின். முதலாவது, வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற பெருசு. அண்ணன் அதையே சுத்திச் சுத்தி வந்தான்.

"வீட்டுப் பக்கத்துச் சந்துல இது எப்படி நுழையும்? தலையில தூக்கிட்டுப் போவியா?"ன்னேன்.

ரெண்டாவது சின்னது, விலையும் கம்மி. ஆனா ஒருத்தர் கிளையைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். பக்கக் கொம்பெல்லாம் இன்னொருத்தர் கழிச்சுக் குடுக்கணும்.

"இது போதும். நான் தள்றேன், இவ கழிச்சுக் குடுப்பா"ன்னான் அண்ணன். அண்ணி முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நான் நேரா மூணாவதுகிட்ட போனேன். அதுவும் சின்னதுதான், டேப் வச்சு அளந்தேன், சந்துல தாராளமா நுழையும். உள்ள பல்லு வச்ச ரெண்டு உருளை. கிளையோட அடியைக் காட்டினாப் போதும், கவ்வி அதுவே இழுத்துக்கும். தள்ளவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். கூடுதல் ஆளே தேவையில்லை!

"எத்தனை பேர் வேலை செய்றீங்க?"ன்னு கேட்டார் கடைக்காரர்.

"மூணு"ன்னான் அண்ணன். "ரெண்டு"ன்னேன் நான், அதே நேரத்துல.

கடைக்காரர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அண்ணிதான், "குருவி சொல்றதையே வாங்குங்க. மரம் ஏறுறவளுக்குத் தெரியாதா?"ன்னாங்க. பெரிய மனசாம்! இப்படிப் பேசுறவங்களோட எப்படித்தான் சண்டை போடுறது?

வண்டியில ஏத்தும்போது கடைக்காரர் அண்ணனைக் கூப்பிட்டார். "ஒண்ணு சொல்லிடறேன். இந்த உருளை கிளையையும் இழுக்கும், கயித்தையும் இழுக்கும். கயிறு மாட்டுச்சுன்னா அதைப் புடிச்சிருக்கிற ஆளையும் சேர்த்து இழுத்துடும். அதனால கயிறு புடிக்கிறவர் இதுகிட்ட நிக்கவே கூடாது. மெஷினுக்குத் தனி ஆள் வையுங்க."

"அப்ப மூணு பேர்!"னு அண்ணன் சிரிச்சான்.

என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்.

"சரி, அண்ணி மெஷின்ல நிக்கட்டும்"னேன்.

"அதெல்லாம் முடியாது. புது மெஷின், நான் யாரையும் தொட விட மாட்டேன். இவளுக்குக் கயிறு புடிக்கச் சொல்லித் தர்றேன்."

மறுநாள் வேலை ஒரு வீட்டுத் தோட்டத்துல. மரத்துக்கு நேர் கீழ கண்ணாடிக் கூரை. அண்ணி அடிமரத்துல கயித்தைச் சுத்திப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. என் தலையெழுத்துன்னு மேல ஏறினேன்.

முதல் கிளையை வெட்டினதும் வழக்கம்போல மரத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டேன். அண்ணன் புடிச்சா, கிளை விழுந்து கயிறு வெடுக்குன்னு நிக்கும். மரமே உலுக்கும், என் விலா போய் மரத்துல இடிக்கும். மரம் வெட்டினா அப்படித்தான்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்.

மரம் அசையவே இல்லை. அண்ணி கயித்தைக் கொஞ்சம் ஓட விட்டு, அப்புறமா மெல்ல இறுக்கினாங்க. கிளை கண்ணாடியைத் தொடாம, தரையில போய் உக்காந்துச்சு.

எனக்கு வந்த கோபத்துக்கு அடுத்ததைப் பெருசா வெட்டினேன். அதுவும் அப்படியே இறங்குச்சு. ஒரே ஒரு தப்பு பண்ணித் தொலைச்சா என்னவாம்! மரத்து மேல உக்காந்து அழுதேன். பொறாமையில அழுதேன், வேற ஒண்ணும் இல்லை.

அண்ணன் மெஷினை நிறுத்திட்டு அண்ணிகிட்ட வந்தான். "அடுத்தது பெரிய கிளை. நீ தள்ளி நில்லு, நான் புடிக்கிறேன்."

அண்ணி மறுபேச்சில்லாம கயித்தை நீட்டினாங்க. ஆறு மாசமா இதுக்குத்தானே ஏங்கினேன்? ஆனா என் கை தானா விலாவுக்குப் போச்சு.

"வேண்டாம்ணா. அண்ணியே புடிக்கட்டும்."

"ஏன்? இத்தனை வருஷமா நான் புடிக்கலையா?"

நான் பெரிய கிளையில கயித்தைக் கட்ட ஆரம்பிச்சேன். அண்ணி ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துட்டு, திரும்பக் கயித்தைச் சுத்தினாங்க. அண்ணன் மெஷின்கிட்ட போனான், ஆனா அதைப் போடல. அண்ணியோட கையையே வெறிச்சுப் பார்த்துட்டு நின்னான், உதடெல்லாம் இறுகி. அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். ஆறு மாசமா நான் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச மூஞ்சி அது.