வெறும் தண்ணீர்

உப்பளத்து ஓரம் பாழாய்க் கிடந்த கொட்டகையை ஆராய்ச்சிக்கென்று வாடகைக்குப் பிடித்திருந்த மேரிசெல்வி, பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து வைத்திருந்தாள். அங்கே எடுபிடி வேலைக்குப் போக ராஜாங்கத்துக்கு உதறல்தான். உள்ளே இருட்டில் நான்கு கண்ணாடிக் குழாய்கள் நீலமாக மினுங்கின. விளக்குமில்லை, நெருப்புமில்லை.

"பயப்படாதீங்கண்ணே. கடல்ல இருக்கிற கிருமிதான். உசுரோட இருக்கிற வரைக்கும் மினுங்கும். விஷம் பட்டா மங்கிடும்."

அவன் பயம் வீட்டில் அல்லவா இருந்தது. கோடை பிறந்ததிலிருந்து மனைவி சாமுண்டீஸ்வரிக்குக் கை நடுங்கியது, எச்சில் வழிந்தது, கண்மணி கடுகாய்ச் சுருங்கியது. சுனாமியில் செத்தவன் எவனோ பிடித்துக்கொண்டான் என்றார்கள். ஊர்வாய்க்குக் கேட்கவா வேண்டும். உடுக்கை அடித்து, "யார் நீ?" என்று பூசாரி அதட்டியபோது அவள் "ராஜாங்கம்" என்றாள். புருஷன் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள். பேசுவது அவளில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சவுக்கால் அடித்து விரட்டப் போகிறார்கள். அந்த உடம்பு தாங்குமா என்று அவன் வெந்துகொண்டிருந்தான்.

மேரிசெல்வி முதல் குழாயில் ஒரு பூச்சிமருந்தைச் சொட்டினாள், லேசாக மங்கியது. இரண்டாவதில் வேறொன்று; அதுவும் லேசாகத்தான். மூன்றாவதில் இரண்டையும் கலந்து விட்டாள். சற்று நேரத்தில் அது முழுக்க இருண்டது.

"கலந்தா இப்படித்தாண்ணே, விஷம் பல மடங்கு ஏறிடும்."

வானூர் பக்கம் வயல்களுக்கு மருந்தடிக்கப் போனால் ராஜாங்கமும் கலந்துதான் அடிப்பான். ஒரே நடையில் வேலை முடிந்துவிடுமே.

"நாலாவதுக்கு வெறும் தண்ணி. இது மங்கக்கூடாது. என்கிட்ட தீந்துடுச்சு, உங்க கேன்லருந்து கொஞ்சம் குடுங்க."

கடல் கிருமி தாங்கட்டும் என்று அதில் உப்பைக் கரைத்து ஊற்றினாள். நீலம் மெல்லத் தேய்ந்தது. பிறகு அந்தக் குழாய் இருந்த இடமே தெரியவில்லை.

"இது என்ன கேன்?" அவள் குரல் மாறிவிட்டது.

"மருந்து கலக்குற கேன்தான் மேடம். கலக்கிட்டு, புளியும் மண்ணும் போட்டு நல்லா கழுவிக் குடுத்துடுவேன். என் சம்சாரம் அதுலதான் உப்பளத்து வேலைக்குக் குடிதண்ணி எடுத்துட்டுப் போவா. இன்னிக்கு முடியாம படுத்துட்டா, நான் தூக்கியாந்தேன்."

"உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போங்கண்ணே. கேனையும் எடுத்துக்குங்க."

பாத்தி வரப்பில் விழுந்தடித்து ஓடினான். சாமுண்டீஸ்வரி மயங்கி விழும்போதெல்லாம் தலையை மடியில் தாங்கி, இந்தக் கேனிலிருந்துதான் தன் கையால் புகட்டியிருக்கிறான். உடுக்கைச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. யார் என்று பூசாரி கேட்டதற்கு, அவள் சரியான பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள்.