ஒரு மணிக்கு ஒரு மடக்கு

எனக்குப் பொறுமை கிடையாது. பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் காது உண்டு. முப்பத்திரண்டு வருஷமாக வண்டி பழுது பார்க்கிறேன். வண்டி வாசலில் திரும்பும்போதே "பெல்ட் போயிருக்கு" என்பேன். திறந்து பார்த்தால் போயிருக்கும். சத்தம் வந்தால் கோளாறு, சத்தம் இல்லையென்றால் வண்டி நன்றாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த படிப்பு இவ்வளவுதான். இந்தக் காதை நம்பித்தான் இத்தனை காலம் பிழைத்தேன். இந்தக் காதை நம்பித்தான் டீச்சரைப் படுக்கையில் தள்ளினேன்.

போன வருஷம் எனக்குத் தொண்டையில் கட்டி. முப்பத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி போனது, கூடவே விழுங்குவதும் போனது. விழுங்குவது ஒரு வேலை என்றே அதுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அதைப் பழக்கிவிட ஓர் அம்மா இருக்கிறார். என் மகள் வயதுதான் இருக்கும், அதட்டல் மட்டும் மாமியார் அளவுக்கு. நோயாளிகள் நாங்கள் வைத்த பெயர் தொண்டை மேடம்.

"தாடையை நெஞ்சோட ஒட்டுங்க. மூச்சைப் பிடிங்க. விழுங்குங்க. இன்னொரு தடவை விழுங்குங்க. இப்ப செருமுங்க."

ஒரு ஸ்பூன் சாப்பாட்டுக்கு ஐந்து வேலை. தண்ணீரைக்கூடச் சும்மா குடிக்க விட மாட்டார்கள். ஒரு பொடியைக் கலக்கி, கிரீஸ் பதத்துக்குக் கெட்டியாக்கி, ஸ்பூனில் எடுத்து விழுங்க வேண்டும். தாகத்துக்குக் கூழ் தின்பது என்ன கொடுமை என்று தின்றவனுக்குத்தான் தெரியும். நாலு மாதம் தின்றேன். பிறகு எக்ஸ்ரேயில் படம் ஓட்டிப் பார்க்கும் ஒரு பரிசோதனை வைத்து, சின்னச் சின்ன மடக்காகப் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்தார்கள்.

மேடத்துக்கு ஒரு பழக்கம். பழைய நோயாளி ஒருவரைப் புது நோயாளி ஒருவருக்கு ஜோடி சேர்த்துவிடுவார். எனக்கு வந்தவர்தான் டீச்சர். பூகோளப் பாடம் நடத்தியவர். நாக்கின் அடியில் கட்டி வந்து, கரண்ட் வைத்து, மூக்கில் போட்ட குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துணி, அதற்குள்ளிருந்து மெல்லிய குரல்.

"வைத்தியம் நான் பாத்துக்கறேன். நீங்க பேச்சுத்துணை. அவ்வளவுதான்" என்றார் மேடம். அந்த 'அவ்வளவுதான்'ஐ நன்றாக அழுத்தித்தான் சொன்னார். என் மண்டையில்தான் ஏறவில்லை.

முதல் நாள் போனில் டீச்சர் சொன்னார்: "வீட்ல அவர் இல்லாதப்பதான் சாப்பிடறேன். இருந்தா தன் தட்டைத் தொடாம என் கழுத்தையே பாத்துட்டு இருக்கார். பரீட்சை எழுதற மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் சம்சாரமும் அப்படித்தான். ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கும். அதற்காகவே நான் மதியச் சாப்பாட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் அடுக்கிய அறையில், பழைய டயர்மேல் பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு கிண்ணம் மசித்த உருளைக்கிழங்கை ஒரு மணி நேரம் தின்பேன்.

"டீச்சர், நாளைக்கு ஒரு மணிக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல வெச்சுட்டு சேர்ந்து சாப்பிடலாம். நான் உங்களைப் பாக்க முடியாது, நீங்க என்னைப் பாக்க முடியாது. மானம் மரியாதை ரெண்டு பக்கமும் பத்திரம்."

அப்படி ஆரம்பித்தது. தினமும் ஒரு மணிக்கு அவர் வீட்டில் அவர், ஸ்பேர் பார்ட்ஸ் நடுவில் நான். "விழுங்கியாச்சா?" "ஆச்சு." "ரெண்டாவது?" "இருங்க, அவசரப்படுத்தாதீங்க." மூன்று வாய்க்கு ஒரு தடவை எனக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமுவேன். டீச்சர் ஒரு நாள்கூட இருமியதில்லை.

"மெக்கானிக், உங்க வண்டி ரொம்பப் புகை கக்குது" என்பார்.

"நம்மளுது பழைய வண்டி. உங்களுது இப்பதான் ஷோரூம்லேர்ந்து வந்திருக்கு" என்பேன். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். ஆறு மாதம் மூத்தவன் நான் இருமுகிறேன், நேற்று வந்தவர் சத்தமில்லாமல் விழுங்குகிறார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. நான் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். "இருபத்தேழு வருஷம் போர்டுல ஆறு ஆறா வரைஞ்சிருக்கேன் மெக்கானிக். இப்ப எனக்கு ஒரு மடக்கு இல்ல" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அதில் தேறிவிட்டால் பச்சைத் தண்ணீர். அதற்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. படம் எடுக்கும் மிஷின் ரிப்பேர். மூன்று வாரம் தள்ளிப் போகும்.

அன்றைக்கு ஒரு மணிக்கு டீச்சர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அழுகிறார் என்பது மூச்சில் தெரிந்தது. அழுதால்கூட அவருக்குத் தொண்டை வலிக்கும். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஒரு மிஷினைச் சரி பண்ண மூன்று வாரமா? என்னிடம் விட்டிருந்தால் மூன்று நாளில் ஓட விட்டிருப்பேன். அந்த ஆத்திரத்தில்தான் வாயை விட்டேன்.

"மிஷின் இல்லன்னா என்ன டீச்சர்? நான் இருக்கேன்ல? ஒரு ஸ்பூன் தண்ணி குடிங்க. போனைத் தொண்டைகிட்ட வெச்சுக்கோங்க. நான் கேக்கறேன். தப்பான வழில போனா இருமல் வரும். எனக்குத் தினமும் வருதே, பாக்கறீங்கல்ல?"

"மேடத்துகிட்ட ஒரு வார்த்தை..."

"கேட்டா நாம தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஸ்பூன் கண்ணாடித் தம்ளரில் இடிக்கும் ஓசை. அப்புறம் 'களுக்' என்று ஒரு விழுங்கல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பட்டறையில் இரும்பு அரைத்துக்கொண்டிருந்தவனை ஜன்னல் வழியாகக் கத்தி நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். இருமல் இல்லை. செருமல் இல்லை. ஒரு சின்னப் பிசிறுகூட இல்லை.

"என்ன டீச்சர்? சொல்லுங்க, மென்னு முழுங்காதீங்க."

"சில்லுனு இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"இஞ்சின் சுத்தம் டீச்சர். நான் கேரண்டி" என்றேன்.

மறுநாள் இரண்டு ஸ்பூன். அதற்கடுத்த நாள் நாலு. ஒரு வாரத்தில் அரைத் தம்ளர். தண்ணீர் உள்ளே போனபிறகு டீச்சர் ஆளே மாறிவிட்டார். கதை சொன்னார், மலையேறப் போய் வழி தவறிய கூத்தைச் சொன்னார், வரைபடம் வரைபவருக்கே வழி தெரியாமல் போனதைச் சொல்லிச் சிரித்தார். பத்தாவது நாள் குரல் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது. அது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சளி பிடித்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பதினோராவது நாள் ஒரு மணிக்குப் போன் வரவில்லை. ஒன்று பத்துக்கு நான் போட்டேன். டீச்சர் வீட்டுக்காரர் எடுத்தார். விடியற்காலையில் காய்ச்சல், மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்.

கைகூடக் கழுவாமல் ஓடினேன். மேடம் வராந்தாவில் எதிரே வந்தார். எனக்கு எதையும் மூடி மறைக்கத் தெரியாது. நின்ற இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஸ்பூன், அரைத் தம்ளர், கேரண்டி எல்லாவற்றையும்.

மேடம் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்களுக்கு இருமல் வராதுங்க. கரண்ட் வெச்சதுல உள்ளுக்குள்ள மரத்துப் போயிருக்கு. தண்ணி நுரையீரலுக்குள்ள போனாலும் அவங்களுக்கே தெரியாது. சத்தமே இருக்காது. சில பேருக்கு அப்படி ஆயிடும். யாருக்குன்னு பாக்கத்தான் அந்த டெஸ்ட்டே."

"எனக்கு வருதே மேடம்."

"அதுதான் உங்களைக் காப்பாத்திட்டிருக்கு."

திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்கு எகிறிப் பழக்கப்பட்டவன் நான். அவர் திட்டாமல் எழுந்து போனார். நான் அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பத்து நாள் அந்த அம்மாவின் நெஞ்சுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு 'சுத்தம்' என்றிருக்கிறேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் டீச்சர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் டீச்சரின் கழுத்துத் துணி. அவரிடமும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஒரு மணிக்கு நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன். அவகிட்ட வெளிய போறேன்னு சொல்லிட்டு செருப்பைக் கையில எடுத்துட்டு பின்பக்கமா வந்து உக்காந்துக்குவேன். பாட்டில்ல தண்ணி குறையறதும் தெரியும். ஆனா அவ சிரிச்சா சார். அவ சிரிச்சு எட்டு மாசம் ஆச்சு. உள்ள போனா நின்னுடும்னு போகல."

அந்தத் துணியை அவர் நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இரண்டு பேருமே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

டீச்சர் பிழைத்தார். அதைப் பிழைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய், வயிற்றில் சாப்பாட்டுக்கு ஒரு குழாய். பேச்சு கிடையாது. இனி வாய் வழியாக எதுவும் வேண்டாம், எப்போதாவது முடியுமா என்பதையும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு நிமிஷம் பார்க்க விட்டார்கள். என்னைப் பார்த்ததும் டீச்சர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். மணி என்ன என்று கேட்கிறார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐந்து. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. கிண்ணத்தைத் திறப்பேன், மூடுவேன். சாயங்காலம் அப்படியே திரும்பி வரும் கிண்ணத்தைக் கழுவும்போது சம்சாரம் ஒன்றும் சொல்ல மாட்டாள். மூன்று வாரத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. காலையிலும் இரவிலும் ஏதோ நாலு வாய், அவளுக்காக.

இன்றைக்கு ஒரு மணிக்குப் போன் அடித்தது. டீச்சரின் நம்பர். டீச்சர் வீட்டுக்காரர்தான் பேசினார்.

"வார்டு மாத்திட்டாங்க. போனை அவ காதுல வெச்சிருக்கேன், ஸ்பீக்கர்லயும் போட்டிருக்கேன். எழுதிக் குடுத்திருக்கா, படிக்கறேன். 'மெக்கானிக், நீங்க சாப்பிடறதே இல்லன்னு உங்க வீட்டம்மா இவர்கிட்ட அழுதிருக்காங்க. மணி ஒண்ணு. சாப்பிடுங்க. இன்னிக்கு நான் கேக்கறேன். உங்க இருமல் எனக்குக் கேக்கணும். கேட்டா போன்ல ரெண்டு தட்டு தட்டுவேன்.' அவ்வளவுதான் எழுதியிருக்கா."

பின்னால் டீச்சரின் மூச்சுக் குழாயின் இரைச்சல் கேட்டது. ஒரு மடக்குக்கு வழியில்லாமல் செய்தவனைச் சாப்பிடச் சொல்லிக் காவல் காக்கிறார். கிண்ணத்தைத் திறந்தேன். தாடையை நெஞ்சில் ஒட்டினேன். விழுங்கினேன். இன்னொரு தடவை விழுங்கினேன்.

இருமல் வரவில்லை.

இரண்டாவது வாய். மூன்றாவது. வரவில்லை. தண்ணீரில்தான் எனக்கு எப்போதும் தவறாமல் வரும். ஒரு மடக்கு குடித்தேன். இருமல் வரவில்லை.

ஒரு வருஷமாக இதற்குத்தான் ஏங்கினேன். இப்போது கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சரியாகிவிட்டேனா, நானும் மரத்துவிட்டேனா? காதைக் கொடுத்துக் கேட்டேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. டீச்சருக்கும் இப்படித்தான் சுத்தமாக இருந்தது.

"மெக்கானிக், லைன்ல இருக்கீங்களா?" என்றார் அவர். "அவ கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டே இருக்கா."

நாளைக் காலை முதல் வேலையாக மேடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். படம் எடுத்துப் பார்த்துச் சொல்வார். ஆனால் அங்கே டீச்சர் இப்போதே காத்துக்கொண்டிருந்தார்.

போனைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டேன். நெஞ்சிலிருந்து இழுத்து, வேண்டுமென்றே, பலமாக இருமினேன்.

அந்தப் பக்கம் இரண்டு தட்டு கேட்டது.