பிள்ளை உள்ளவர்கள் வலப்பக்கம்

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், சயாமில் ரயில் பாதை போட இருபது ஆள் வேண்டுமென்று சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு உத்தரவு வந்தது. முன்பு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பிள்ளை இல்லாதவர்களை முதலில் ஏற்றுவதென்று தோட்டத்துக் கணக்கரான கிராணி முடிவு செய்தார். மனைவி கர்ப்பமாக இருந்தால் அவனும் பிள்ளைக்காரன்தான்.

பக்கிரிசாமியின் மனைவி அழகம்மாவுக்கு மூன்று மாதம். முந்தாநாள்தான் சொன்னாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஆர்தர் போன வருஷம் சொன்னது அவன் நெஞ்சில் கிடந்தது.

பட்டணத்தில் வாங்கிய சீக்கு அது. இரண்டு விதைகளும் வீங்கி, காய்ச்சலில் கிடந்து எழுந்தான். வீக்கம் வற்றிய பிறகு டிரெசர் தொட்டுப் பார்த்துவிட்டு, மருந்துப் பொட்டலக் காகிதத்தில் படம் வரைந்தார்.

“விதைக்குப் பின்னால நூலைச் சுருட்டி வச்ச மாதிரி ஒரு குழாய் இருக்கு. பிரிச்சு நீட்டினா இருபது அடி வரும். உயிரணு அதுக்குள்ள ஊர்ந்துதான் பக்குவமாகும். அப்புறம் இந்தக் குழாய் வழியா வயித்துக்குள்ள ஏறி, மூத்திரப்பைக்குப் பின்னால வளைஞ்சு இறங்கும். உனக்கு ரெண்டு சுருளும் தழும்பு கட்டி அடைச்சுக்கிச்சு பக்கிரி.”

“எனக்கு எல்லாம் சரியாத்தானேங்க வருது?”

“வரும் லா. அந்தத் தண்ணி மேல இருக்கற சுரப்பியில ஊறுறது. ரயில் வரும், உள்ள ஆள் இருக்க மாட்டான்.”

காலையில் பெரட்டுக்கு எல்லோரும் கூடினார்கள். வேலைக்கு ஆள் எண்ணும் களத்தில் அன்று லோரி நின்றது.

“பிள்ளை உள்ளவன் வலப்பக்கம்! இல்லாதவன் லோரிப் பக்கம்!” என்று கத்தினார் கிராணி.

பக்கிரிசாமியின் கால்கள் வலப்பக்கம் போயின.

“எப்படா பெத்த?” என்றார் கிராணி. யாரோ சிரித்தார்கள்.

“வீட்ல முழுகாம இருக்காங்க.”

கிராணி டிரெசர் பக்கம் திரும்பினார். “நெசமா ஆர்தர்?”

டிரெசர் பக்கிரிசாமியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நெசந்தான்.”

“அப்ப ஒரு ஆள் குறையுது. பழனியாண்டி, நீ ஏறு.”

பட்டியலில் பக்கிரிசாமியோடு இருபது பேர் தேறியதால் தப்பித்தோம் என்று ஒதுங்கி நின்ற பழனியாண்டி, அவனுக்கு அடுத்த வீட்டுக்காரன். கல்யாணமாகாதவன். மறுத்துப் பேசாமல் ஏறினான். ஏறியவன் லோரியின் பலகையைப் பிடித்துக் குனிந்தான்.

“அண்ணே, அண்ணிக்கு மரவள்ளி குடுக்காதீங்க. தின்னதும் வாந்தி எடுக்குது, மூணு மாசமா. எங்கயாவது கொஞ்சம் அரிசி பாருங்க.”

பக்கிரிசாமி யாரிடமும் மாதக் கணக்குச் சொல்லியிருக்கவில்லை. அவன் எதிரில் அழகம்மா ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. கிழங்கை மென்று விழுங்கிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போவாள், அவ்வளவுதான்.

பிள்ளையின் தகப்பன் லோரியில் நின்றான். அது என் பிள்ளை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் இறங்குவான், இவன் ஏறவேண்டும். பழனியாண்டியும் அந்த வார்த்தைக்குத்தான் காத்திருப்பவன்போல் பார்த்தான். என்ஜின் உறுமியது. பக்கிரிசாமி வாயைத் திறந்தான். தூசிதான் உள்ளே போயிற்று.

லோரி வளைவு திரும்பி மறைந்தது.

“இன்னும் என்னடா நிக்கற? மரவள்ளிக் காட்டுக்குப் போ!” என்றார் கிராணி.

“சரிங்க” என்றான்.