செவலை தண்ணீர் குடிக்காத கோடை

கல்யாணம் முடிந்து அனுராதா கே.ஜி.கண்டிகைக்கு வந்தபோது அவளுடைய பசுவும் கூடவே வந்தது. திருவாலங்காட்டில் அவள் கையால் புல் தின்று வளர்ந்த செவலை அது. மாப்பிள்ளை பூபாலனின் குட்டியானை லோடு வண்டியிலேயே ஏற்றி வந்தார்கள். வழியெல்லாம் அது பின்னால் நின்றபடி கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அனுராதாவும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பூபாலன் நல்லவன். மாமியார் கெங்கம்மாளும் நல்லவள்தான். ஆனால் பூபாலன் பொதட்டூர்பேட்டையில் லுங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். கெங்கம்மாள் சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பகல் நகரவே நகராது. வெயில் புகைபோல எழும்பி, தூரத்துத் திருத்தணி மலையின் அடிவாரத்தை அழித்துவிடும். கோயில் மட்டும் ஒன்றிலும் ஒட்டாமல் மேலே மிதக்கும். மல்லிச்செடி ஓரம் உட்கார்ந்து பூ கட்டும் அனுராதாவுக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாது. விரல்கள் தன்பாட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் கோடையில் ஒருநாள், செவலை தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது.

கொட்டகைக்குப் பக்கத்தில் போர் மோட்டார் இருந்தது. அதிலிருந்து வரும் இரும்புக் குழாய் சிமென்ட் தொட்டிக்குள் இறங்கும். மத்தியானம் மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்புகிற நேரத்தில் மாட்டை அவிழ்த்துவிடுவது வழக்கம். அன்று செவலை வழக்கம்போல வந்தது. தலையைத் தாழ்த்தி மூக்கைத் தண்ணீரில் வைத்தது. உடனே உடம்பெல்லாம் சிலிர்த்து, பின்னங்கால்களை உதறிக்கொண்டு விலகிப் போனது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாட்களில் தொட்டிப் பக்கமே வராமல், ஈரச் சேற்றுக்கு வெளியே நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் மட்டும் ஒரே மூச்சில் குடித்தது.

"இன்னாமே இது, பேயப் பாத்தாப்ல பின்னால போவுது?" என்றாள் கெங்கம்மாள். "தண்ணிக்குள்ள எதையோ பாக்குது அது."

மலைக்குப் போய் விபூதி கொண்டுவந்து செவலையின் நெற்றியில் பூசினாள். தொட்டியின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். செவலை பழத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அனுராதா வேறு மாதிரி நினைத்தாள். இந்த வீட்டுத் தண்ணீர் செவலைக்குப் பிடிக்கவில்லை. அதற்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் அவள் மனசுக்குள் வைத்திருந்ததை அது வெளியே காட்டிவிட்டது, அவ்வளவுதான். மத்தியானங்களில் அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரில் போய் உட்கார ஆரம்பித்தாள். தண்ணீரில் வானம் கிடந்தது. அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வானம் போய், திருவாலங்காட்டுக் குளமும் படியும் வந்தன. படியில் யாரோ துணி துவைத்தார்கள், சத்தமே இல்லாமல். காக்கை கத்தியதும் எல்லாம் கலைந்தது. எதிரில் செவலை நின்றுகொண்டிருந்தது.

"உனக்கும் தெரியுதாடி?" என்று அதனிடம் கேட்டாள்.

ஒரு சாயங்காலம் பூபாலன் சீக்கிரமாகவே திரும்பி வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ் கறை.

"வண்டிக்குப் பைத்தியம் பிடிச்சிகிச்சி அனு," என்றான் சாப்பிட்டுக்கொண்டே. "இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டு மினுக்குது. ஆரன் அடிச்சா டீசல் முள்ளு எகிறுது. பிரேக்க மிதிச்சா உள்ள லைட்டு தானா எரியுது."

"அய்ய, அப்புறம் இன்னா பண்ண பாவா?"

"பைபாஸ்ல நம்ம சுதாகர் கடைக்கி ஓட்டிகினு போனேன். அவன் எதையும் மாத்தல. பேட்டரியிலேர்ந்து ஒரு தடி ஒயர் வண்டி பாடிக்கு வருதுல்ல, அந்த நட்டு துரு ஏறிக் கீது. அத்தக் கயட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சி முடுக்கினான். சரியாப் பூடுச்சி. எர்த்து லூசாம்."

"எர்த்துன்னா தரைதானே? வண்டிதான் டயர்ல நிக்குதே?"

"அதான் நானும் கேட்டேன். வண்டிக்கு அதோட பாடிதான் எர்த்தாம். கரண்டு போனா திரும்பி வரணும். வர்ற வழி அடைபட்டா சும்மா இருக்காது. அந்த பல்பு, இந்த முள்ளுன்னு எது வழியாவாவது பூந்து வரப் பாக்கும்."

"வீட்டுக்கும் அப்பிடி இருக்கா?"

"ஆங், வீட்ல நெசமாவே தரைக்குள்ள போவும். மோட்டாருக்குக்கூட ஒரு பச்ச ஒயர் போவுது பாரு. எங்கனா கரண்டு கசிஞ்சா அது வழியா மண்ணுக்குப் பூடும். நம்ம மேல வராது."

வழி கிடைக்காமல் எங்கெங்கோ நுழைந்து அலைகிற கரண்டை நினைத்துக்கொண்டே அனுராதா தட்டைக் கழுவினாள்.

மறுநாள் மத்தியானம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் மிதந்த சருகை எடுக்கப் போனாள். இடது கால் செருப்பு சேற்றில் புதைந்து கழன்றுகொண்டது. வெறுங்காலை ஈர மண்ணில் ஊன்றிக்கொண்டு தண்ணீரில் கையை விட்டாள்.

கைக்குள் ஏதோ ஓடியது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஆயிரம் எறும்புகள் ஒன்றாக விழித்துக்கொண்டதுபோல இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்தாள். கால் சறுக்கிப் பின்னால் உட்கார்ந்தாள். உலகம் ஒரு கணம் வெள்ளையாக நின்றது. எதிரில் செவலை அதே இடத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அனுராதா எழுந்து ஓடிப்போய் மெயினை அணைத்தாள். பிறகு செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இதானாடி? இதையாடி இத்தினி நாளா சொல்லிகினு இருந்த?"

போனில் சொன்னதும் பூபாலன் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டான். சுதாகரையும் கையோடு கூட்டிவந்தான். வீட்டு ஒயரிங் வேலையும் அவன்தான் பார்ப்பான். மோட்டாரில் தொடங்கும் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டு சுதாகர் மண்ணைக் கிளறியபடியே போனான். துணி காயப்போடும் கம்பத்தின் அடியில் ஒயர் முடிந்துவிட்டது. மறுமுனை ஒரு முழம் தள்ளி மண்ணுக்குள் கிடந்தது.

"மோட்டார் பழசுண்ணா, காயில்ல கொஞ்சம் கசியுது. முன்ன அது எர்த்து வழியா மண்ணுக்குப் போயிகினு இருந்திச்சி. ஒயர் அறுந்ததும் குழாய்ல ஏறித் தண்ணிக்கி வந்துகிச்சி. ஈரத்துல நாலு காலும் வெச்சிகினு நிக்குற மாட்டுக்கு நம்மளவிட நல்லாவே ஏறும். நீங்க செருப்போட இருந்ததால தெரியல. இந்தக் கம்பம் யாரு நட்டது?"

பூபாலன் கம்பத்தையே பார்த்தான்.

"நான்தான். கோட ஆரம்பிச்சப்ப அனு பொடவ வெயில்ல காயணும்னு நட்டேன். கடப்பாரையில ஏதோ பட்டுது. வேருன்னு நெனச்சி ஓங்கி ஒரு குத்து குத்தினேன்."

கெங்கம்மாள் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பூபாலன் மனைவியின் கையை எடுத்து விரல் விரலாக அழுத்திப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"இல்ல பாவா."

"பெருசா ஏதாவது ஆயிருந்தா?"

அனுராதா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "மாட்டுக்கு ஊரு நெனப்புன்னு நெனச்சேன் பாவா," என்றாள். "எனக்கு அப்பிடித்தான் இருந்திச்சி. பகல்ல இங்க மனசே நிக்கமாட்டேங்குது."

இதை அவள் முதல்முறையாகச் சொன்னாள்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றான் பூபாலன். "லோடு இல்லாத அன்னிக்கி ஊருக்குப் போலாம். மத்த நாள்ல எங்கூட வா. முன்னால சீட்டு சும்மாதான் கீது."

மோட்டார் காயில் கட்டப் போய்த் திரும்பி வந்தது. சுதாகர் ஆழமாகக் குழி எடுத்து, புதுக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினான். ஒரு பல்பின் ஒரு முனையை லைனிலும் இன்னொன்றை அந்தக் குழாயிலும் வைத்தான். பட்டப்பகலில் பல்பு மஞ்சளாக எரிந்தது. மண்ணே அதை எரிய வைப்பதுபோல கெங்கம்மாள் குனிந்து குழியைப் பார்த்தாள். "வெயில் காலத்துல இதுக்கும் தண்ணி ஊத்தும்மா," என்றான் சுதாகர். அன்றிலிருந்து துளசிக்கு ஊற்றிய கையோடு அவள் அந்தக் குழிக்கும் ஒரு சொம்பு ஊற்றினாள்.

ஆனால் செவலை தொட்டிக்கு வரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் சேற்றின் ஓரத்தில் நின்றுவிட்டது. புல்லைக் காட்டினாலும் வரவில்லை. வாளியே போதும் என்று நின்றது.

கடைசியில் ஒருநாள், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் அனுராதா செருப்புகளைக் கழற்றி வைத்தாள்.

"ஏய், இரு," என்று பூபாலன் ஓடிவந்தான். சுதாகர் கொடுத்திருந்த டெஸ்டரைக் குழாயில் வைத்தான், தண்ணீரில் வைத்தான். அது எரியவில்லை. அப்புறமும் மனம் ஒப்பாமல் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளுக்கு முன்னால் தானே சேற்றில் இறங்கி, இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டான். அனுராதா பக்கத்தில் வந்து நின்று தன் கைகளையும் விட்டாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

இருவரும் அப்படியே நின்றார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சேறு மெல்ல மெல்ல அவர்கள் கால்களைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. பின்னால் குளம்புச் சத்தம் ஒருதரம் கேட்டு நின்றது. மறுபடி கேட்டது. செவலை அவர்கள் இருவருக்கும் நடுவில் முகத்தை நுழைத்து, உதட்டால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிமிர்ந்தது. பிறகு தலையைக் கவிழ்த்து, நெடுநேரம், குடித்தது.