நடுவில் எவ்வளவு உயரம்

1

இந்தக் கதை என் அக்காவின் புலம்பலில் பிறந்தது. அவள் தற்காலிகக் கணித விரிவுரையாளர். நிரந்தர வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். சூத்திரங்களைப் படமாக வரைந்து காட்டும் கல்லூரி மென்பொருளின் உரிமமோ காலாவதியாகியிருந்தது.

"நாள்பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்க. எக்ஸ், ஒய் ரெண்டையும் குடுத்தா மேடு பள்ளமா வரைஞ்சு காட்டணும். இலவசமா ஏதாவது தேடிக் குடுடா."

நான் கதை எழுதுகிறவன். தலையை ஆட்டிவைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்த ஒரு மாலையில் அக்கா—' (வேண்டாம். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: 'இலவசம் என்று போட்டிருந்ததை நம்பி...' இது பரவாயில்லை. முதல் மென்பொருள் எடுத்த எடுப்பில் வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. அடுத்த இரண்டும் ஒழுங்காக வரைந்தன. குழப்பமே அங்கேதான். ஒரே சூத்திரம், ஆனால் ஒன்றில் நடுப்பகுதி வழவழவென்று இருந்தது, மற்றதில் கந்தலாகக் கிழிந்திருந்தது.*

* அந்த நடுப்புள்ளிக்கு உயரமே கிடையாதாம். ஒரு பக்கமிருந்து நடந்து வந்தால் மேட்டில் வந்து நிற்போம், வேறு பக்கமிருந்து வந்தால் பள்ளத்தில். அக்கா இரண்டு முறை விளக்கினாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

3

முதல் வரைவில் அக்காவை நிதானமானவளாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "யாருடா இவ?" என்றாள். நியாயம்தான். நிஜத்தில் அவள் பயந்துபோயிருந்தாள். இதுவும் கைநழுவினால் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

மாதிரி வகுப்பில் இரண்டு படங்களையும் அருகருகே போட்டாளாம். தேர்வுக்குழுத் தலைவர் கேட்டிருக்கிறார்.

"இதுல எதும்மா சரி?"

"நடுவுல ரெண்டுமே தப்பு சார்."

"தப்பான படத்தைக் காட்டத்தான் வந்தீங்களா?"

அதற்கு அக்கா நிமிர்ந்து பார்த்து— (தெரியவில்லை. கேட்டால் "ஞாபகமில்லடா" என்கிறாள். நான் எழுதிப் பார்த்த பதில்களில் எல்லாம் என் குரல்தான் கேட்கிறது.)

4

முடிவு அ: வேலை கிடைக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை.

முடிவு ஆ: கிடைக்கவில்லை. நம்ப முடிகிறது, எழுதக் கை வரவில்லை.

முடிவு இ: அக்கா அந்த—

இருங்கள். மேசைமேல் அவளுடைய ஃபோன் அடிக்கிறது. கல்லூரி எண்.

"எடுடா, கையெல்லாம் சோப்பு" என்கிறாள் சமையலறையிலிருந்து. குழாயை மூடிவிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அர்த்தம்.

கதையில் யாருக்கு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்து பழகியவன் நான். ஃபோனை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். கொஞ்சம் நீங்கள் எடுத்துப் பேசுங்களேன்.